தண்ணியும் காந்தமும் எப்படிண்ணா ஒண்ணாகும்?

வியாசர்பாடிலேர்ந்து சாயங்காலம் நம்ம மொட்டமாடிக்கு படிக்க வர்ற தம்பி ஒருத்தன், பி.எஸ்சி ரெண்டாவது வருஷம், ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போட்டு கேட்டது இது: "அண்ணா, கிளாஸ்ல சார் யுனிவர்சாலிட்டினு ஒண்ணு சொன்னாரு. தண்ணி ஆவியாகறதும், காந்தத்த சூடு பண்ணா அது காந்தமா இல்லாம போறதும் கணக்குப்படி ஒரே விஷயமாம். சொல்லி முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு. ரெண்டுக்கும் இன்னாண்ணா சம்பந்தம்? யூட்யூப்ல ஒருத்தன் எல்லாமே ஃப்ராக்டல், பிரபஞ்சமே ஸ்கேல் இன்வேரியன்ட்ங்கறான், அது நெஜமா?"

வாய்ஸ் மெசேஜ்ல அடங்காதுப்பா இது, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமா போகும், இன்னிக்கே படிச்சு முடிக்கணும்னு இல்ல.

மொதல்ல சார் சொன்னதுல ஒரு சின்ன திருத்தம், இல்லாட்டி நீ காதுல வாங்கினதுல இருக்கலாம். தண்ணி அடுப்புல 100 டிகிரில கொதிக்குதே, அது இல்ல இது. அங்க தண்ணி வேற ஆவி வேற, ஒரு சொம்பு தண்ணி ஆவியாச்சுன்னா சுமார் 1600 சொம்பு இடத்த அடைச்சிக்கும், ரெண்டுக்கும் நடுவுல பெரிய பள்ளம். அழுத்தத்த ஏத்திக்கிட்டே போனா கொதிநிலையும் ஏறும், ஆவி அடர்த்தியாயிட்டே வரும், தண்ணி லேசாயிட்டே வரும், அந்த பள்ளம் குறுகிக்கிட்டே போய் 374 டிகிரி செல்சியஸ், சுமார் 218 அட்மாஸ்ஃபியர்ல தண்ணியும் ஆவியும் ஒண்ணேதான்னு ஆயிடும். அந்தப் புள்ளிதான் கிரிட்டிக்கல் பாயிண்ட். நம்ம அத்திப்பட்டு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையத்துல மூணாவது ஸ்டேஜ் 800 மெகாவாட் யூனிட்ட சூப்பர் கிரிட்டிக்கல்னு பேப்பர்ல போட்டானே, அது இதுக்கு மேல ஓடற பாய்லர். பழைய பாய்லர்ல தண்ணியையும் ஆவியையும் பிரிக்க ஒரு பெரிய டிரம் இருக்கும், இதுல அது கிடையாது, பிரிக்கறதுக்கு ரெண்டு சரக்கு இருந்தாதானே.

இன்னும் கிட்ட இருக்கற உதாரணம் வேணும்னா கார்பன் டை ஆக்சைடு. பெல்ஃபாஸ்ட்ல இருந்த தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869ல சொன்னது, அதோட கிரிட்டிக்கல் டெம்பரேச்சர் 31 டிகிரி, அவ்ளோதான். மே மாசம் தண்டையார்பேட்டைல கரன்ட் போன ரூம்ல நீ எவ்ளோதான் அமுக்கினாலும் அந்த கேஸ்லேர்ந்து திரவம்னு ஒண்ணு தனியா பிரியாது. மார்கழி விடிகாலைல அதையே அமுக்கினா பிரியும். மணலில நான் வேலை பாக்கற இடத்துல சிலிண்டர் பக்கமா போறப்பெல்லாம் இது ஞாபகம் வரும், கூட வேலை செய்யறவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க.

சரி, அந்தப் புள்ளில இன்னா நடக்குது? கண்ணாடிக் குழாய்ல வெச்சு பாத்தா, தெளிவா இருந்த சரக்கு கிரிட்டிக்கல் பாயிண்ட்டுக்கு கிட்ட வரும்போது திடீர்னு பால் மாதிரி கலங்கிடும். தாண்டிப் போனா மறுபடி தெளிவாயிடும். ஏன்னா, சாதாரணமா ஒரு திரவத்துல ஒரு எடத்துல அடர்த்தி கொஞ்சம் கூடுனா அந்த சேதி நாலு மூலக்கூறு தள்ளி செத்துடும். கிரிட்டிக்கல் பாயிண்ட் கிட்ட வர வர அந்த சேதி தூரமா போகும், நூறு மூலக்கூறு, ஆயிரம் மூலக்கூறு, அப்புறம் வெளிச்சத்தோட அலைநீளம் அளவுக்கு, அதாவது அரை மைக்ரான் அளவுக்கு திட்டு திட்டா ஆயிடும், அப்ப வெளிச்சம் அதுல மோதி சிதறுது, அதான் பால் நிறம். ஸ்மோலுகோவ்ஸ்கி 1908ல, ஐன்ஸ்டீன் 1910ல இத கணக்கு போட்டாங்க. சரியா புள்ளிமேலயே நின்னா திட்டுக்கு அளவே இல்ல. துளிக்குள்ள குமிழி, குமிழிக்குள்ள துளி, அதுக்குள்ள மறுபடி குமிழினு மூலக்கூறு அளவு வரைக்கும் போயிட்டே இருக்கும். போட்டோ எடுத்து உன் கைல குடுத்து எத்தன மடங்கு ஜூம்னு கேட்டா உன்னால சொல்ல முடியாது. ஜியாலஜிக்காரங்க பாறைய போட்டோ எடுக்கறப்ப பக்கத்துல ஒரு சுத்தியலோ காசோ வெப்பாங்க, கவனிச்சிருக்கியா? அது இல்லாட்டி அது கையளவு கல்லா மலையானு தெரியாது. ஸ்கேல் இன்வேரியன்ஸ்னா இதான்பா, சுத்தியல் வெக்காத போட்டோ. ஃப்ராக்டல்னு சொல்றதும் இப்படி பெருசாக்கினாலும் அதே மாதிரி தெரியற உருவத்ததான்.

இப்ப யுனிவர்சாலிட்டிக்கு வருவோம். இங்க புக்குல இருக்கற ஹாமில்டோனியன்ங்கற ஆற்றல் கணக்கு எல்லாம் தூக்கி ஓரமா வெச்சிட்டு உங்கம்மா போடற கோலத்துக்கு வா.

கோலத்துல ரெண்டு விதமா புள்ளி வெப்பாங்க, நேர்ப்புள்ளி, இடுக்குப் புள்ளி. நேர்ப்புள்ளில ஒரு புள்ளிக்கு நாலு பக்கத்து வீடு. இடுக்குப் புள்ளில ஒவ்வொரு வரிசையும் அரை இடம் தள்ளி, ரெண்டு புள்ளிக்கு இடுக்குல அடுத்த புள்ளி வரும், அதனால ஒரு புள்ளிக்கு ஆறு பக்கத்து வீடு. இப்ப இடுக்குப் புள்ளிய சாய்சதுரமா வெச்சிக்க, ஒரு வரிசைல பதினொண்ணு, அந்த மாதிரி பதினோரு வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு காசு சுண்டு. தலை விழுந்தா செவப்பு, பூ விழுந்தா வெள்ளையாவே விட்டுடு. கேள்வி: பக்கத்து பக்கத்து செவப்பு புள்ளிய மிதிச்சிக்கிட்டே இடது ஓரத்துலேர்ந்து வலது ஓரத்துக்கு போக முடியுமா? 1957ல பிராட்பென்ட்டும் ஹாமர்ஸ்லியும் ஆரம்பிச்ச கணக்கு இது, பேரு பெர்கொலேஷன். காபி டிகாக்ஷன் இறங்குதே ஃபில்டர்ல, அந்த சமாச்சாரம்தான்.

செவப்பு கம்மியா இருந்தா சின்ன சின்ன தீவா நிக்கும், போக முடியாது. நெறைய இருந்தா ஓடிப் போயிடலாம். நடுவுல ஒரு அளவு இருக்கு, அதுக்கு முன்னாடி முடியாது அதுக்கு அப்புறம் முடியும். இடுக்குப் புள்ளிக்கு அது சரியா பாதி, 0.5. ஏன் பாதினு ஒரு நிமிஷம் யோசிச்சா அழகா இருக்கும்: செவப்பு இடமிருந்து வலம் போகலைன்னா அத மறிச்சது வெள்ளைதானே, அப்ப வெள்ளை மேலேர்ந்து கீழ வரைக்கும் வரிசையா வந்திருக்கணும். ரெண்டுல ஒருத்தர்தான் ஜெயிக்க முடியும், ஒருத்தர் ஜெயிச்சே ஆகணும், காசு ரெண்டு பேருக்கும் சமம். நேர்ப்புள்ளில இது நடக்காது, அங்க மூலைக்கு மூலை தொட்டா கணக்குல வராதுன்றதால ரெண்டு பேரும் மாட்டிக்கலாம், அதனால அங்க செவப்பு கொஞ்சம் அதிகமா வேணும், சுமார் 0.593. ஆக அந்த நடு அளவு கோலத்துக்கு கோலம் மாறும். இது யுனிவர்சல் இல்ல. இத மனசுல வெச்சிக்க, பின்னாடி வேணும்.

இப்ப எலக்ஷன் நடத்தலாம். மூணு மூணு புள்ளியா முக்கோணமா சேத்து, அந்த மூணுல யாரு மெஜாரிட்டியோ அந்த நிறத்துல ஒரே ஒரு பெரிய புள்ளி வை. பழச அழிச்சிடு. வந்தது மறுபடி இடுக்குப் புள்ளிதான், ஆனா புள்ளிக்கு புள்ளி தூரம் ரூட் மூணு மடங்கு, 1.732. செவப்பு இருக்க வாய்ப்பு முன்ன பீ-ன்னா இப்ப 3பீ² − 2பீ³, மூணும் செவப்பு இல்லாட்டி ரெண்டு செவப்பு, நீயே போட்டு பாரு. இது லியோ கடனாஃப் 1966ல சொன்ன ஐடியா, கெனத் வில்சன் 1971ல அத முழு கணக்கா மாத்தினாரு, 1982ல நோபல் அவருக்கு. பேரு ரீநார்மலைசேஷன். பேரு கேட்டா பேஜாராயிடும், வேலை இதான்.

51 சதவீதம் செவப்புல ஆரம்பி. ஒரு சுத்து போனா 51.5. அடுத்து 52.2. அப்புறம் 53.4, 55, 57.5, 61, 66.6, 74, 83, 92, பதினோராவது சுத்துல 98. தெருல ஒரு ஓட்டு வித்தியாசம், மேல போகப் போக கோட்டைல ஏகபோகம். 49ல ஆரம்பிச்சா இதே வேகத்துல பாதாளம். சரியா 50ல ஆரம்பிச்சா மட்டும் 50, 50, 50, எத்தன தடவ அழிச்சு பெருசாக்கினாலும் அதே படம். சுத்தியல் இல்லாத போட்டோ அங்கதான் இருக்கு, மத்த எந்த அளவுலயும் இல்ல. யூட்யூப்காரனுக்கு பதில் பாதி இங்கயே வந்துடுச்சு பாத்தியா, எல்லாமே ஸ்கேல் இன்வேரியன்ட் இல்ல, கத்தி முனைல நிக்கறது மட்டும்தான் அப்படி, லேசா தள்ளினா ஒரு பக்கம் விழுந்துடும்.

இன்னொண்ணு. 50 கிட்ட இருக்கறப்ப ஒவ்வொரு சுத்துக்கும் அந்த வித்தியாசம் 1.5 மடங்கு ஆகுது (1 இருந்தது 1.5, அப்புறம் 2.25). அதே சுத்துல தூரம் 1.732 மடங்கு மாறுது. 1.5க்கு எத்தன பவர் போட்டா 1.732 வரும்? லாக் போட்டு பாரு, 1.355. இதுக்கு இன்னா அர்த்தம்னா, நடு அளவுக்கு நீ கிட்ட போக போக சேதி எவ்ளோ தூரம் போகும்னு சொல்ற எக்ஸ்போனன்ட் (அடுக்கு எண்) இது. நெஜ விடை 4/3, அதாவது 1.333. மூணே மூணு புள்ளி வெச்சு பள்ளிக்கூட கணக்கு, விடைய நூத்துக்கு ரெண்டு தப்புல புடிச்சிட்டோம்! எனக்கு மொத தடவ இது பேப்பர்ல வந்தப்ப ராயபுரம் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன், ரெண்டு டிரெயின் உட்டுட்டேன். (எல்லா கோலத்துலயும் இவ்ளோ ஷோக்கா வராது, இங்க நமக்கு அதிர்ஷ்டம்.) அந்த 4/3ஐ 2001ல ஸ்மிர்னோவும் வெர்னரும் கணிதமாவே நிரூபிச்சாங்க, அதுவும் இடுக்குப் புள்ளிக்கு மட்டும்தான். நேர்ப்புள்ளிக்கு கம்ப்யூட்டர்ல போட்டா அதே 4/3 வருது, ஆனா நிரூபணம் கிடையாது. பக்கத்து வீடு நாலு, நடு அளவு 0.593, எல்லாம் வேற, எக்ஸ்போனன்ட் மட்டும் அச்சு அசல் அதே. இதான் யுனிவர்சாலிட்டி. ஏன் அப்படின்னா எலக்ஷன் சுத்து சுத்தா நடக்கும்போது நாலு வீடா ஆறு வீடாங்கற சின்ன சமாச்சாரம் எல்லாம் தேஞ்சு போயிடுது, ரெண்டு கோலமும் ஒரே படத்துல போய் சேருது. தேயாம நிக்கறது கொஞ்சம்தான், முக்கியமா இது தரைல போட்ட கோலமா, இல்ல டப்பா டப்பாவா மேல அடுக்கினதா, அதாவது எத்தன பரிமாணம்ங்கறது. அடுக்கிட்டேன்னா 4/3 போயிடும், வேற நம்பர் வரும்.

இப்ப உன் தண்ணிக்கும் காந்தத்துக்கும் வா. தண்ணில பாக்கறது திரவத்துக்கும் ஆவிக்கும் அடர்த்தி வித்தியாசம். காந்தத்துல பாக்கறது அது எவ்ளோ பலமா காந்தமா இருக்குன்னு. ரெண்டும் கிரிட்டிக்கல் டெம்பரேச்சர்ல ஜீரோ ஆகணும், இரும்புக்கு அது 770 டிகிரி செல்சியஸ். கேள்வி, எப்படி ஜீரோவுக்கு இறங்குதுங்கறது. வான் டெர் வால்ஸ் 1873ல கேஸுக்கும் திரவத்துக்கும் சேத்து போட்ட சமன்பாட்டுப்படி பாத்தா ஸ்கொயர் ரூட் மாதிரி (எக்ஸ்போனன்ட் 1/2), அதாவது கிரிட்டிக்கல் பாயிண்ட்டுக்கு நாலுல ஒரு பங்கு கிட்ட போனா வித்தியாசம் பாதியாகும். நெஜத்துல அப்படி இல்ல. 1945ல குகன்ஹைம் எட்டு சரக்க எடுத்து ஒரே கிராஃப்ல போட்டாரு, நியான், ஆர்கான், கிரிப்டான், செனான், நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன். நியானோட கிரிட்டிக்கல் பாயிண்ட் மைனஸ் 229 டிகிரி, செனானோடது ப்ளஸ் 16 சொச்சம், சம்பந்தமே இல்ல. அவங்க அவங்க கிரிட்டிக்கல் அளவால வகுத்து போட்டா எட்டும் ஒரே வளைவுல வந்து உக்காந்துச்சு, ஸ்கொயர் ரூட் இல்ல, க்யூப் ரூட் மாதிரி (எக்ஸ்போனன்ட் 1/3, அதாவது 0.333). எட்டுல ஒரு பங்கு கிட்ட போனாதான் வித்தியாசம் பாதியாகும். அப்புறம் 1962ல ஹெல்லரும் பெனடெக்கும் மாங்கனீஸ் ஃப்ளூரைடுனு ஒரு படிகத்துல, அது 67 கெல்வின்ல மாறற ஒரு ஆன்ட்டிஃபெரோமேக்னெட் (உள்ள பக்கத்து பக்கத்து குட்டி காந்தம் எதிரெதிரா பாக்கற வகை), அளந்து பாத்தா எக்ஸ்போனன்ட் 0.335. கேஸும் இல்ல திரவமும் இல்ல, கெட்டியான படிகம், அதே நம்பர்! இன்னிக்கு தெரிஞ்ச துல்லியமான மதிப்பு சுமார் 0.326.

ஏன்னா ரெண்டுலயும் தேயாம நிக்கற சமாச்சாரம் ஒண்ணுதான்: மூணு பரிமாணம், ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டே கட்சி. அங்க அடர்த்தி ஜாஸ்தி இல்ல கம்மி, இங்க காந்தம் மேல பாக்குது இல்ல கீழ பாக்குது. மூலக்கூறு எப்படி ஈர்க்குது, எலக்ட்ரான் எப்படி சுத்துதுங்கறதெல்லாம் எலக்ஷன்ல டெபாசிட் காலி.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இத நெறைய பேர் தப்பா சொல்றாங்க. சூடு பண்ற இரும்பு தண்ணி மாதிரி இல்ல. மாங்கனீஸ் ஃப்ளூரைடுல காந்தம் ஒரே கோட்டுல மேல இல்ல கீழ, அவ்ளோதான் பாக்கும். இரும்புல எந்த திசைய வேணா பாக்கலாம், அது வேற வகுப்பு, எக்ஸ்போனன்ட் 0.365 கிட்ட. 2.17 கெல்வின்ல வழவழன்னு உராய்வே இல்லாம ஓட ஆரம்பிக்குதே திரவ ஹீலியம், அது மூணாவது வகுப்பு, அங்க ஒரு வட்டத்துல எந்த திசையும் பாக்கலாம். அத துல்லியமா அளக்க 1992ல கொலம்பியா விண்கலத்துல ஹீலியத்த மேல எடுத்துட்டு போனாங்க, ஏன்னா தரைல வெச்சா அடில இருக்கற ஹீலியத்துக்கு மேல இருக்கறதோட எடையால அழுத்தம் ஜாஸ்தி, பாத்திரத்துல மேல ஒரு இடத்துல மாறும் கீழ ஒரு இடத்துல மாறாது. அவ்ளோ பொறுமையா கிட்ட போனாதான் இந்த வகுப்பு வித்தியாசம் எல்லாம் கண்ணுக்கு தெரியும், அதனால "எல்லாம் ஒண்ணு"ங்கறத விட "சில வகுப்புதான் இருக்கு"ங்கறதுதான் சரியான பேச்சு.

பரிமாணம் எவ்ளோ முக்கியம்னு கேட்டா, அதே மேல கீழ காந்தத்த ஒரே அடுக்கா தரைல பரப்பு. லார்ஸ் ஆன்சாகர் 1944ல தீத்தது அது. எக்ஸ்போனன்ட் 1/8 ஆயிடுது, அதாவது 256ல ஒரு பங்கு கிட்ட போனாதான் பாதியாகும். மூணு பரிமாணத்துல சரியான தீர்வு இன்னிய தேதி வரைக்கும் யாரும் கண்டுபுடிக்கல, அந்த 0.326 கணக்கு போட்டு போட்டு நெருங்கினது. நீ கண்டுபுடிச்சா வியாசர்பாடிக்கு நாங்க எல்லாரும் மேளத்தோட வர்றோம்.

மிச்சம் பிரபஞ்சம். இயற்கைல தானா அளவில்லாம நிக்கற விஷயங்கள் இருக்கு, இல்லைங்கல. நிலநடுக்கம் ஒண்ணு, ரிக்டர்ல ஒரு படி ஏறினா எண்ணிக்கை சுமார் பத்துல ஒரு பங்கு ஆகும், குட்டன்பெர்க்கும் ரிக்டரும் 1944ல எழுதினது. காசிமேட்டுக்காரங்க 2004 டிசம்பர் 26ஐ மறக்க மாட்டாங்க, அந்த நிலநடுக்கம் 9.1. இங்க யாரு போய் கத்தி முனைல நிறுத்தி வெச்சாங்க? தானா அங்க போய் நிக்கற சிஸ்டம் இருக்கலாம்னு 1987ல பாக், டாங், வீசன்ஃபெல்ட் மணல் குவியல் மாடல் ஒண்ணு போட்டாங்க, அதோட கணக்க பிரிச்சு மேஞ்சவரு நம்ம தீபக் தார், 2022ல இந்தத் துறையோட பெரிய விருதான போல்ட்ஸ்மன் மெடல் வாங்கினாரு, இந்தியாலேர்ந்து மொத ஆளு. நெஜ நிலநடுக்கம் அந்த மாடல் மாதிரிதானாங்கறது வேற சண்டை, அதுல நான் தலைய உடல.

ஆனா லாக்-லாக் கிராஃப்ல (ரெண்டு அச்சுலயும் லாக் எடுத்து போடறது) நாலு புள்ளிய வெச்சு ஸ்கேல் வெச்சு கோடு இழுத்துட்டு பவர் லா, அதாவது ஒரே எக்ஸ்போனன்ட்ல அளவில்லாம போற விதினு சொல்றவன நம்பாத. கண்ண சுருக்கிப் பாத்தா லாக்-லாக்ல எதுவும் கோடாத்தான் தெரியும். ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு அளவுக்கு அந்தக் கோடு நேரா போவுதா, ஏன் போவுதுனு ஒரு காரணம் இருக்கா, ரெண்டையும் கேளு. அப்புறம் உலகத்துல பெரும்பாலானது அளவுக்கு கட்டுப்பட்டதுதான். காசிமேட்டு பூனைய எல்லா பக்கமும் பத்து மடங்கு பெருசாக்கினா எடை ஆயிரம் மடங்கு, கால் எலும்போட குறுக்கு வெட்டு நூறு மடங்குதான், நிக்க வெச்சா ஒடஞ்சிடும். கலிலியோ 1638லயே சொல்லிட்டாரு, மீனுக்கு இது அவ்ளோ பொருந்தாது தண்ணி தாங்கிக்கும்ங்கறதையும் சேத்து.

ஞாயித்துக்கிழமை வரப்போ அந்த பதினொண்ணுக்கு பதினொண்ணு கோலத்த போட்டு பாத்துடலாம், 121 தடவ காசு சுண்டணும், நாலு பசங்க இருந்தா சீக்கிரம் ஆயிடும். பத்து கோலம் போட்டா அஞ்சுல செவப்பு கரை ஏறணும், மூணோ ஏழோ வந்தா காச குத்தம் சொல்லாத. சாக்பீஸ் நீ எடுத்துட்டு வந்துடு, கோலமாவு எங்க வீட்ல இதுக்கெல்லாம் தர மாட்டாங்க.